நானூறு சேக்கலும் ஒரு குகையும்: மக்பேலா கிரையம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆதியாகமம் 23-ஆம் அதிகாரத்தில் மொத்தம் 20 வசனங்கள். சாராளின் வயது, மரணம், ஆபிரகாமின் அழுகை ஆகிய மூன்றும் முதல் 2 வசனங்களில் முடிந்துவிடுகின்றன. அடக்கத்துக்கு 19-ஆம் வசனம் ஒன்றுதான். நடுவில் 3 முதல் 18 வரை, 16 வசனங்கள் முழுக்க நிலப் பேச்சு. ஜெபம் கிடையாது, பலிபீடம் கிடையாது, கர்த்தர் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. எபிரெய மூலத்தில் தேவனைக் குறிக்கும் சொல் ஒரே ஒருமுறை வருகிறது. அதுவும் ஊரார் ஆபிரகாமைத் "தேவனுடைய பிரபு" என்று மரியாதையாக அழைக்கும் இடத்தில். தமிழ் வேதாகமம் அதை "மகா பிரபு" என்று பெயர்த்ததால், அந்த ஒன்றும் தமிழ் வாசகர் கண்ணில் படுவதில்லை.

இதனால்தான் பிரசங்கங்களில் இந்த அதிகாரம் பெரும்பாலும் தாண்டிப்போகப்படுகிறது. 22-இல் மோரியா மலை, 24-இல் ரெபெக்காள். இடையில் இருப்பது வெறும் கிரைய விவரம் என்ற எண்ணம். ஆனால் அந்த விவரத்தில்தான் இந்த அதிகாரத்தின் ஆவிக்குரிய கனம் இருக்கிறது. தேசம் முழுவதையும் தேவனிடமிருந்து இலவசமாகப் பெறுவதாக வாக்குப் பெற்ற மனிதன், அதில் ஒரு மூலையை மனிதரிடமிருந்து இலவசமாக வாங்க மறுக்கிறான். ஏன் மறுத்தான், மறுத்ததை எப்படி நடத்தி முடித்தான் என்பதே இங்கே பார்க்க வேண்டியது.

தரப்பினரும் சூழ்நிலையும்

இறந்தவள் சாராள், வயது 127. வேதாகமத்தில் மரணத்தின்போது வயது சொல்லப்படும் ஒரே பெண் அவள்தான். ஈசாக்கைப் பெற்றபோது அவளுக்கு 90 என்பதால், அவள் இறக்கையில் மகனுக்கு 37, கணவனுக்கு 137. ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பியது 75 வயதில். ஆக, கானானில் 62 ஆண்டுகள் வாழ்ந்த பிறகும் மனைவியைப் புதைக்க அவனுக்குச் சொந்தமாக ஆறடி நிலம் இல்லை. பெயெர்செபாவில் ஒரு கிணறு இருந்தது; ஏழு பெண்ணாட்டுக்குட்டிகளைக் கொடுத்து, அபிமெலேக்கின் முன் தன் கிணறென்று நிலைநாட்டிக்கொண்டது. மற்றபடி கூடாரம், மந்தை, வெள்ளி, பொன். பணம் உண்டு, நிலம் இல்லை.

இடம் கீரியாத் அர்பா, அதாவது எபிரோன். எருசலேமுக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டரில், கடல் மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கும் மலை ஊர். ஊரார் ஏத்தின் புத்திரர், அதாவது ஏத்தியர். விற்பவன் சோகாரின் மகன் எப்பெரோன். சொத்து மக்பேலாவில், மம்ரேக்கு எதிரே. மம்ரேயின் பெயரைக் கேட்டதும் 18-ஆம் அதிகாரம் நினைவுக்கு வர வேண்டும். கூடாரத்துக்குள்ளிருந்து சாராள் சிரித்தது அங்கேதான். அந்தச் சிரிப்பு எழுந்த இடத்தைப் பார்த்தபடி இருக்கும் நிலத்தில்தான் அவளுடைய கல்லறை.

ஊர் மாற்றி அடக்கம் செய்யும் வழியும் ஆபிரகாமுக்கு இருந்தது. தகப்பன் தேராகு ஆரானில் இறந்தவன். உறவினர் எல்லாம் அந்தப் பக்கம். முன்னோர் கிடக்கும் மண்ணிலேயே கிடக்க வேண்டும் என்பது அக்காலத்தின் வலுவான ஆசை. அதை விட்டுவிட்டு, இன்னும் கைக்கு வராத தேசத்தில் மனைவியைப் புதைப்பது ஒரு தீர்மானம். அடுத்த அதிகாரத்தில் வேலைக்காரனிடம், பெண் பார்க்க ஆரானுக்குப் போகலாம், ஆனால் ஈசாக்கை அங்கே திரும்பக் கொண்டுபோகக் கூடாது என்று இரண்டு முறை எச்சரிப்பது இதே தீர்மானத்தின் மறுபக்கம். விசுவாசம் என்று பிற்காலத்தார் சொன்னது இங்கே ஒரு முகவரியாக நிற்கிறது.

முதல் படி: ஊர்வாசல்

அவன் நேரே எப்பெரோனிடம் போகவில்லை. "பிரேதத்தின் முன்னின்று எழுந்து" ஏத்தின் புத்திரர் எல்லாரிடமும் பேசுகிறான். தொடக்கமே தன் நிலையைச் சொல்வதுதான்: நான் உங்களிடத்தில் அந்நியனும் பரதேசியும். இது பணிவுக்காகச் சொன்ன அலங்கார வார்த்தையல்ல. மூலத்தில் கேர், தோஷாவ் என்ற இரு சொற்கள். முதலாவது, வேறிடத்திலிருந்து வந்து தங்குகிறவன். இரண்டாவது, குடியிருந்தும் நிலவுரிமை இல்லாதவன். தன்னிடம் என்ன குறை இருக்கிறது என்பதை முதல் வரியிலேயே ஒப்புக்கொள்கிறான். கர்த்தர் இந்தத் தேசத்தை எனக்குத் தந்திருக்கிறார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வாக்குத்தத்தம் அவனுக்கும் தேவனுக்கும் இடையிலானது. அதை எப்பெரோனின் வயலுக்கு எதிராகக் காட்டும் பத்திரமாக அவன் பயன்படுத்தவில்லை.

அவன் கேட்பது "கல்லறைப் பூமி". மூலத்தில் அகுஸ்ஸா: நிலையான சொந்த உடைமை. 17-ஆம் அதிகாரத்தில் கானானை நித்திய சுதந்தரமாகத் தருவேன் என்று தேவன் சொன்னபோது வந்த அதே சொல். தேவன் பெரிய எழுத்தில் சொன்னதை, அவன் ஊர்வாசலில் சின்ன எழுத்தில் கேட்கிறான்.

ஊராரின் பதில் இனிமையானது. "எங்கள் கல்லறைகளில் முக்கியமானதிலே" அடக்கம் செய்யும், எங்களில் ஒருவனும் தடை செய்யமாட்டான். கவனமாகக் கேட்டால், அவன் கேட்ட சொந்தம் என்ற சொல் அந்தப் பதிலில் இல்லை. இடம் தருகிறோம் என்கிறார்கள், உரிமை தருகிறோம் என்று சொல்லவில்லை. அவர்கள் ஏமாற்றினார்கள் என்று இதற்குப் பொருளல்ல. அந்நியனுக்கு ஊர் நிலம் கைமாறுவது எந்தச் சமுதாயத்திலும் தயங்கிச் செய்யப்படுவதுதான். அவர்கள் தந்தது உண்மையான உபசாரம். அதை ஏற்றிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதே கேள்வி. இன்னொரு குடும்பத்தின் கல்லறையில் சாராள் விருந்தாளியாகக் கிடந்திருப்பாள். அந்தக் குடும்பத்தின் பேரன் காலத்தில் இடம் போதாமல் போனால், முதலில் வெளியே எடுக்கப்படுவது விருந்தாளியின் எலும்பு.

அவன் எழுந்து குனிந்து வணங்குகிறான். 7-ஆம் வசனத்தில் ஒருமுறை, 12-இல் மறுமுறை. மறுக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் வணக்கம், பிறகு மறுப்பு.

கேட்டது குகை, வந்தது வயல்

இரண்டாவது பேச்சில்தான் பெயர் வருகிறது: சோகாரின் மகன் எப்பெரோனிடம் எனக்காகப் பேசுங்கள். ஊராரே இடைநின்று பேச வேண்டும் என்று கேட்பதில் ஒரு முன்யோசனை இருக்கிறது. பிற்காலத்தில் இந்த விற்பனையை ஊர் மறுக்க முடியாது; பேசி முடித்ததே அவர்கள்தான். கேட்ட சொத்தும் துல்லியம்: வயலின் கடைசியிலிருக்கும் மக்பேலா குகை. விலையும் சொல்லியாயிற்று: முழு வெள்ளி. வயலின் ஓரத்தில் இருக்கும் குகையைக் கேட்டால் உழவனுக்குத் தொந்தரவு குறைவு. எப்பெரோன் இழப்பது மிகக் கொஞ்சம்.

எப்பெரோன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். எல்லாரும் கேட்க அவன் சொல்லும் ஒரே வாக்கியத்தில் "கொடுத்தேன்" என்ற வினை மூன்று முறை வருகிறது. நிலத்தைக் கொடுத்தேன், அதிலுள்ள குகையையும் கொடுத்தேன், என் ஜனத்தார் கண்முன்னே கொடுத்தேன். ஒருவன் குகை கேட்க, இவன் வயலையே தூக்கிப் போடுகிறான்.

இதைத் தாராளம் என்று கேட்டவுடன் முடிவு கட்டுபவர்களும் உண்டு, தந்திரம் என்பவர்களும் உண்டு. 1953-இல் மன்ஃப்ரெட் லேமன் என்ற ஆய்வாளர் ஒரு விளக்கம் தந்தார். அனத்தோலியாவின் (இன்றைய துருக்கி) ஏத்தியர் சட்டத்தில், 46, 47-ஆம் பிரிவுகளின்படி, வயல் முழுவதையும் வைத்திருப்பவனே அதன்மேல் விழும் ஊழியக் கடமையைச் செய்ய வேண்டும். பகுதி மட்டும் வாங்கியவனுக்கு அது கிடையாது. ஆபிரகாம் குகையை மட்டும் கேட்டது கடமையிலிருந்து தப்ப, எப்பெரோன் முழு வயலையும் திணித்தது கடமையை அவன் தலையில் கட்ட என்பது அவர் வாதம். கேட்க அழகாக இருக்கிறது, இன்றும் பல விளக்கவுரைகளில் வருகிறது. ஆனால் பலவீனமானது. இந்த அதிகாரத்தில் எந்தக் கடமையைப் பற்றியும் பேச்சே இல்லை. எப்பெரோன், சோகார் என்பவை செமித்தியப் பெயர்கள், அனத்தோலியப் பெயர்கள் அல்ல. உரையாடல் வடிவிலான கிரையம் ஏத்தியருக்கு மட்டும் உரியதுமல்ல, பாபிலோனியப் பத்திரங்களிலும் அந்த வடிவம் உண்டு. பாடம் நடத்துகிறவர்கள் இதை உறுதியான உண்மையாகச் சொல்லாமலிருப்பது நல்லது.

உரையை மட்டும் வைத்துப் பார்த்தாலே நடைமுறைக் காரணம் ஒன்று தெரிகிறது. வயல் ஓரத்துக் குகையை மட்டும் வாங்கினால், அங்கே போகும் பாதை எப்பெரோனின் உழுத நிலத்தின் வழியே. இன்று எப்பெரோன் நல்லவன். நாளை அவன் மகன் வேலி போட்டால், கல்லறை இருந்தும் போக வழியில்லை. வயல் கைக்கு வந்ததால் அந்த வில்லங்கம் அடிபட்டுப்போகிறது. எப்பெரோன் என்ன நோக்கத்தில் வயலைச் சேர்த்தானோ, விளைவு ஆபிரகாமுக்குச் சாதகம். தான் கேட்டதைவிடப் பெரிதாகக் காரியம் விரிந்தபோது அவன் எரிச்சலடையவில்லை, வயலின் விலையைத் தருகிறேன் என்று உடனே தன் சொல்லையும் விரித்துக்கொள்கிறான்.

இலவசம் ஏன் வேண்டாம்

ஆபிரகாம் எல்லா வெகுமதியையும் தள்ளுகிறவன் அல்ல. பார்வோனிடம் ஆடுமாடு வாங்கியிருக்கிறான். அபிமெலேக்கிடம் மந்தையும் வேலைக்காரரும் வாங்கியிருக்கிறான். அந்த அபிமெலேக்கு சாராளின் மானத்துக்கு ஈடாக 1000 வெள்ளிக்காசும் கொடுத்திருக்கிறான். அவள் மானத்துக்கு ஒரு ராஜா கொடுத்தது ஆயிரம், அவள் கல்லறைக்குக் கணவன் கொடுத்தது நானூறு. வேதாகமம் இந்த இரண்டையும் இணைக்கவில்லை. வாசிக்கிறவன் மனம் தானாக இணைக்கிறது, அவ்வளவுதான்.

அதே ஆபிரகாம் சோதோமின் ராஜாவிடம் ஒரு நூலையும் பாதரட்சையின் வாரையும் வாங்கமாட்டேன் என்றான். காரணத்தையும் சொன்னான்: "ஆபிராமை ஐசுவரியவானாக்கினேன்" என்று நீ சொல்லாதபடிக்கு. ஆக, அவன் அளவுகோல் இலவசமா விலையா என்பதல்ல, பிற்பாடு யார் என்ன சொல்ல முடியும் என்பது. கல்லறை நிலத்தில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. பெற்ற தானத்துக்குக் கைமாறு எழுதப்படாத கடன். கொடுத்தவன் இறந்தாலும் கொடுத்தவன் குடும்பம் நினைவில் வைத்திருக்கும். நாங்கள் இரக்கப்பட்டு விட்ட இடம் என்ற ஒரு சொல் போதும், மூன்றாம் தலைமுறையில் உரிமை ஆட்டம் காண.

தாவீதின் கதையில் இதே காட்சி திரும்ப வருகிறது. கொள்ளைநோய் நிற்க, எபூசியனின் களத்தில் பலிபீடம் கட்ட வேண்டும். அவன் களம், மாடு, விறகு எல்லாவற்றையும் சும்மா தருகிறான். தாவீது மறுத்து முழு வெள்ளிக்கு என்கிறான். 1 நாளாகமம் 21-இல் வரும் அந்தச் சொற்றொடர் ஆதியாகமம் 23:9-இல் ஆபிரகாம் சொன்ன அதே எபிரெயச் சொற்றொடர். ஒன்று கல்லறை, ஒன்று பலிபீடம். தனக்கு மிகவும் நெருக்கமான இரண்டையும் இன்னொருவன் செலவில் செய்ய இருவரும் மறுக்கிறார்கள். தாவீது காரணத்தை வாய்விட்டுச் சொல்கிறான்: செலவில்லாததைத் தேவனுக்குச் செலுத்தமாட்டேன். ஆபிரகாம் சொல்லவில்லை, நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

விலை: அதிகமா?

"அந்த நிலம் நானூறு சேக்கல் நிறை வெள்ளி பெறும், எனக்கும் உமக்கும் அது எவ்வளவு காரியம்?" என்கிறான் எப்பெரோன். விலை கேட்காதவன்போலவே விலை சொல்லும் கலை. உபசார வார்த்தைக்குள் எண் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது.

சேக்கல் நாணயமல்ல, எடை. நாணயம் புழக்கத்துக்கு வந்தது இதற்கு மிகப் பின்னால். யூதாவில் கிடைத்த எடைக்கற்களின்படி ஒரு சேக்கல் 11 கிராமுக்குச் சற்று மேல். மெசொப்பொத்தாமிய அளவு 8 கிராமுக்குச் சற்று மேல். எந்த அளவென்று வசனம் சொல்லாததால், 400 சேக்கல் என்பது ஏறத்தாழ மூன்றேகால் கிலோவிலிருந்து நாலரைக் கிலோ வெள்ளி வரை.

ஒப்பிட வேதாகமத்திலேயே வேறு கிரையங்கள் உண்டு. எரேமியா ஆனதோத்தில் வாங்கிய வயல் 17 சேக்கல். தாவீதின் களமும் மாடுகளும் 2 சாமுவேலின்படி 50 சேக்கல் வெள்ளி; நாளாகமத்தில் அந்த இடத்துக்கு 600 சேக்கல் பொன். சமாரியா மலை முழுவதையும் உம்ரி வாங்கியது 2 தாலந்துக்கு, அதாவது ஏறக்குறைய 6000 சேக்கல். நியாயாதிபதிகள் 17-இல் மீகா தன் லேவியனுக்குப் பேசிய சம்பளம் வருஷத்துக்கு 10 வெள்ளிக்காசும் உடுப்பும் சாப்பாடும். யாத்திராகமச் சட்டத்தில் மாடு முட்டிச் செத்த அடிமைக்கு ஈடு 30 சேக்கல்.

இவற்றை அடுக்கி, ஆபிரகாம் கொள்ளை விலை கொடுத்தான் என்று முடிப்பதுதான் வழக்கம். அதில் இரண்டு ஓட்டைகள். ஒன்று, எந்த நிலத்தின் பரப்பும் தெரியாது. மற்றொன்று, இவை ஒரே காலத்து விலைகள் அல்ல. எரேமியா வாங்கியது எருசலேம் முற்றுகையில் இருந்தபோது, எதிரிப் படை கையிலிருக்கும் ஊர் நிலத்துக்கு. நானூறு பெரிய தொகை என்பதில் சந்தேகமில்லை, அதற்குமேல் சொல்ல வசனம் இடம் தரவில்லை. யூத மரபு எப்பெரோனைச் சும்மா விடவில்லை. நிறைய பேசினான், கொஞ்சமும் செய்யவில்லை என்கிறது யூதச் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூது. 16-ஆம் வசனத்தில் வெள்ளியை நிறுத்துக் கொடுக்கும் இடத்தில் எப்பெரோனின் பெயர் எபிரெயத்தில் ஓர் எழுத்துக் குறைவாக எழுதப்பட்டிருக்கிறது. வெள்ளி ஏறியபோது பெயர் இளைத்தது என்று அந்த மரபு அதற்கு விளக்கம் சொல்கிறது. கொஞ்சம் குறும்பான வாசிப்பு, ஆனால் ஓர் எழுத்துக்கும் கணக்குக் கேட்கும் வாசிப்பு.

வசனத்தில் உறுதியாக இருப்பது ஒன்று: பேரம் இல்லை. இந்த அதிகாரத்தில் "கேளும்" என்று ஒருவருக்கொருவர் ஐந்து முறை சொல்லிக்கொள்கிறார்கள். ஆறாவது முறை அந்த வினை வரும்போது, ஆபிரகாம் எப்பெரோனின் சொல்லைக் கேட்டான், உடனே நிறுத்துக் கொடுத்தான் என்று முடிகிறது. சோதோமுக்காகக் கர்த்தரிடமே ஐம்பதிலிருந்து பத்துவரை இறக்கிப் பேசத் தெரிந்த மனிதன் இவன். இறக்கிப் பேசத் தெரியாமல் அல்ல, இங்கே பேச விரும்பவில்லை. மனைவியின் உடல் அருகே கிடக்கிறது. குறைத்து வாங்கிய கல்லறை என்ற பேச்சும் அவனுக்கு வேண்டாம்.

எழுதாத பத்திரத்தின் உறுப்புகள்

கிரையம் உறுதியாக என்னென்ன வேண்டுமோ அத்தனையும் 16 முதல் 18 வரையுள்ள மூன்று வசனங்களில் இருக்கிறது. வெள்ளி "வர்த்தகரிடத்தில் செல்லும்படியான" தரம். வீட்டுக்கு வீடு எடைக்கல் மாறும் காலத்தில் இது சாதாரணச் சொல்லல்ல. குறை எடை, கலப்பு வெள்ளி என்ற இரண்டு தகராறுகளையும் அது முன்கூட்டியே அடைத்துவிடுகிறது. பிறகு சொத்து விவரம்: எப்பெரோனின் நிலம், மக்பேலாவில், மம்ரேக்கு எதிரே, நிலம், குகை, எல்லைக்குள் சுற்றிலுமுள்ள மரங்கள் அனைத்தும். நம் பத்திரங்களில் மாவடை மரவடை என்று ஒரு வரி வருமே, அந்த வரி இது. மரத்தைச் சொல்லாமல் நிலத்தை மட்டும் எழுதினால், அடுத்த அறுவடைக்கு எப்பெரோன் வீட்டார் கூடையோடு வந்து நிற்கலாம். கடைசியாகச் சாட்சி: ஊர்வாசலில் வரும் ஏத்தின் புத்திரர் அனைவரும்.

18-ஆம் வசனத்தில் உறுதிப்பட்ட சொத்து 20-இல் மறுபடியும் உறுதிப்படுகிறது. நடுவில், 19-இல், சாராள் அடக்கம். முதல் உறுதி விலையாலும் சாட்சியாலும், இரண்டாவது சுவாதீனத்தால். உடல் உள்ளே போன பிறகுதான் நிலம் முழுமையாக அவனுடையது என்பதுபோல அமைப்பு.

எழுத்துப் பத்திரம் பற்றி இந்த அதிகாரத்தில் குறிப்பில்லை. எரேமியா 32-இல் இருப்பதோடு ஒப்பிட வேண்டும். அங்கே முத்திரை போட்டது ஒன்று, திறந்தது ஒன்று என இரண்டு பத்திரம், சாட்சிகள், பாரூக்கின் கையில் ஒப்படைப்பு, அநேக நாள் இருக்கும்படி மண்பாண்டத்தில் வைப்பு. ஆபிரகாமின் நாளில் மண்பாண்டத்தின் வேலையைச் செய்தது மனித நினைவு. இந்தச் சொத்து விவரம் 25:9-10, 49:29-32, 50:13 என்று மூன்று இடங்களில், யாரிடம் வாங்கியது, எதற்கு எதிரே என்பது உட்பட, திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. சந்ததி அதை மனப்பாடமாக வைத்திருந்தது.

யூத சட்ட மரபில் இந்தக் கிரையத்துக்கு எதிர்பாராத இன்னொரு பயனும் உண்டு. பெண்ணைப் பணம் கொடுத்து நிச்சயிக்கலாம் என்பதற்கான வேத ஆதாரத்தை, "என்னிடத்தில் வாங்கிக்கொள்ளும்" என்று ஆபிரகாம் எப்பெரோனிடம் சொன்ன வினையிலிருந்துதான் தல்மூது எடுக்கிறது. மனைவியைப் புதைக்கச் சொன்ன சொல், மனைவியைக் கொள்ளும் சட்டத்துக்கு ஆதாரமாயிற்று.

வாங்கியபின் அந்த நிலம் என்ன செய்தது

அதற்குப் பின் 38 ஆண்டுகள் ஆபிரகாம் வாழ்ந்தான். 175-இல் இறந்தபோது அவனை அடக்கம் செய்தவர்கள் ஈசாக்கும் இஸ்மவேலும். தண்ணீர்த் துருத்தியோடு துரத்தப்பட்ட மகனும், அவனைத் துரத்தக் காரணமாயிருந்த மகனும் ஒரே குகைவாசலில். பிறகு ஈசாக்கு 180-இல் இறந்தபோது ஏசாவும் யாக்கோபும். குடும்பச் சண்டைகள் எல்லாம் இருந்தும், அடக்க இடத்தைப் பற்றிய சண்டை மட்டும் இல்லை. கல்லறைத் தகராறில் உறவு அறுந்த குடும்பங்களைப் பார்த்தவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ரெபெக்காளும் லேயாளும் அங்கேதான். யாக்கோபு உயிரைக் கொடுத்து நேசித்த ராகேல் எப்பிராத்தா வழியில் கிடக்கிறாள். நேசிக்கப்படாத லேயாள் ஆபிரகாம், சாராள் பக்கத்தில். யாக்கோபு தன்னையும் அங்கேயே கொண்டுபோகச் சொன்னான்.

இன்று அந்த இடத்தைச் சுற்றி நிற்பது ஏறத்தாழ 60 மீட்டர் நீளமும் 34 மீட்டர் அகலமுமான கல்மதில். கட்டட வேலைப்பாட்டை வைத்து ஏரோதின் காலத்தது என்று கணிக்கிறார்கள். மேலே பள்ளிவாசல், ஒரு பகுதி ஜெபஆலயம். அதிலே 1994 பிப்ரவரி 25 அன்று தொழுதுகொண்டிருந்த 29 முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள்; அதன் பிறகே கட்டடம் கண்டிப்பாகப் பிரிக்கப்பட்டது. 2017-இல் எபிரோனின் பழைய ஊர் ஆபத்திலுள்ள உலக மரபிடங்களின் பட்டியலில் சேர்ந்தது. தேசங்கள் "திருடினீர்கள்" என்று சொல்ல முடியாத மூன்று இடங்களில் ஒன்று மக்பேலா, விலைக்கு வாங்கியதால் என்று பழைய மித்ராஷ் (யூத வேத விளக்கம்) ஒன்று சொல்கிறது. முதல் கிரையத்தில் வாங்கியவன் விற்றவன் ஊராருக்கு இரண்டு முறை குனிந்தான் என்பதையும் அதோடு சேர்த்து வாசிக்க வேண்டும்.

பாடமாக நடத்துவோர் வழுக்கும் இடங்கள்

அப்போஸ்தலர் 7:5-இல் ஸ்தேவான், தேவன் ஆபிரகாமுக்கு ஓரடி நிலத்தையாகிலும் கையாட்சிக்குக் கொடுக்கவில்லை என்கிறார். மக்பேலா இருக்கிறதே என்று யாராவது கேட்பார்கள். பதில் வினைச்சொல்லில் இருக்கிறது: தேவன் கொடுக்கவில்லை, இவன் வாங்கினான். வாக்குப்பண்ணினது இன்னும் வரவில்லை. 7:16 இதைவிடக் கடினம். அங்கே சீகேமில் ஏமோரின் சந்ததியாரிடம் ஆபிரகாம் வாங்கின கல்லறை என்று வருகிறது. சீகேமில் ஏமோரின் புத்திரரிடம் 100 வெள்ளிக்கு வாங்கியவன் யாக்கோபு, அங்கே அடக்கமானது யோசேப்பின் எலும்பு. ஸ்தேவானின் பேச்சு இரண்டு கிரையங்களை ஒன்றாகச் சுருக்குகிறது. இதை மறைத்துவிட்டு நடத்தினால், வீட்டுக்குப் போய் ஒப்பிட்டுப் பார்க்கும் ஒருவர் அடுத்த வாரம் கேட்பார். முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

குகை என்றால் கிறிஸ்துவின் கல்லறை, மரங்கள் என்றால் சிலுவை, நானூறு என்றால் எகிப்தின் 400 வருஷம் என்று ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு நிழலைக் கட்டுவது மற்றொரு வழுக்கல். அப்படிச் செய்தால் எப்பெரோன், எடைக்கல், எல்லை எல்லாம் கரைந்துபோய், வேறு எந்த அதிகாரத்திலும் சொல்லக்கூடியதே மிஞ்சும். வேதாகமமே இழுத்துச் செல்லும் நூல் வேறு. ஆபிரகாம் தன்னைச் சொன்ன அந்நியன், பரதேசி என்ற அதே இரண்டு எபிரெயச் சொற்கள் லேவியராகமம் 25:23-இல் வருகின்றன. தேசம் கைக்கு வந்த பிறகு இஸ்ரவேலருக்குச் சொல்லப்பட்டது: தேசம் என்னுடையது, நீங்கள் என்னிடத்தில் அந்நியரும் பரதேசிகளும், ஆகவே நிலத்தை அறுதியாய் விற்காதேயுங்கள். வாங்கும் முன் ஆபிரகாம் சொன்ன பெயர், சுதந்தரித்த பின்னும் அவன் சந்ததிக்குப் போகவில்லை. சங்கீதம் 39, 1 நாளாகமம் 29, 1 பேதுரு 2:11 என்று அந்தச் சொல் நடந்துகொண்டே வருகிறது.

நடைமுறையில், ஒரு மணி நேரப் பாடத்தில் முதல் பத்து நிமிஷம் அதிகாரத்தை மூன்று குரல்களில் சத்தமாக வாசிக்க வைக்கலாம்: ஆபிரகாம், ஊரார், எப்பெரோன், இடைப்பட்ட வரிகளுக்கு இன்னொருவர். குரல் பிரிந்தால்தான் கேளும் என்ற சொல் இங்குமங்கும் போவது காதில் விழும். அடுத்த இருபது நிமிஷம் ஒவ்வொரு பேச்சிலும் என்ன கேட்கப்பட்டது, பதிலில் எது விடுபட்டது என்று மட்டும் பார்க்க வேண்டும். லேவியராகமம் 25, 1 நாளாகமம் 21, எரேமியா 32 மூன்றையும் அதன் பிறகே திறப்பது நல்லது. முதலிலேயே திறந்தால், யாரும் எப்பெரோனைத் திரும்பிப் பார்ப்பதில்லை. துக்கத்திலிருக்கும் குடும்பம் கூட்டத்தில் இருந்தால், 2-ஆம் வசனத்தில் கூடுதலாக நிற்க வேண்டும்: அவன் முதலில் வந்து அழுதான், அதன் பிறகே எழுந்தான். மூலத்தில் எட்டு முறை வரும் இறந்தவர் என்ற சொல் இந்தப் பேச்சு முழுவதிலும் யாரையும் மறக்கவிடவில்லை.

கடைசியாகப் பார்க்க வேண்டிய இடம் 49-ஆம் அதிகாரத்தின் முடிவு. எகிப்தில் 17 ஆண்டுகள் இருந்த யாக்கோபு, 147 வயதில், பன்னிரண்டு பிள்ளைகளையும் ஆசீர்வதித்து முடித்துவிட்டான். யூதாவுக்குச் செங்கோல், யோசேப்புக்குக் கனிதரும் செடி, எல்லாம் சொல்லியாயிற்று. அதற்குமேல் அவன் பேசியது நிலத்தைப் பற்றி. ஏத்தியனான எப்பெரோனின் நிலத்திலுள்ள குகை, மம்ரேக்கு எதிரே, கானான் தேசத்தில், ஆபிரகாம் நிலத்தோடே வாங்கியது. அங்கே ஆபிரகாம், சாராள், அங்கே ஈசாக்கு, ரெபெக்காள், அங்கே லேயாளை நான் அடக்கம்பண்ணினேன். அந்த நிலமும் குகையும் ஏத்தின் புத்திரர் கையில் வாங்கப்பட்டது. இதைச் சொல்லிவிட்டு, கால்களைக் கட்டிலின்மேல் மடக்கிக்கொண்டு, ஜீவன் போய்விட்டான்.